கேட்க வேண்டிய நேரம்

ஜூன் 3, செவ்வாய்

பிரசவத்தை ஒட்டிய கருத்தடை பற்றிய பயிற்சியின் முதல் நாள். பிரசவ அறை நர்சுகள், மருத்துவச்சிகள், இரண்டு டாக்டர்கள் என்று 14 பேர். "பிரசவமான அம்மாக்களிடம் அடுத்த குழந்தையைப் பற்றிப் பேசுகிறீர்களா?" என்று கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. எப்போது என்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டிஸ்சார்ஜ் சீட்டு கொடுக்கிறப்ப, மேடம்."

அந்த நேரத்தில் அவளுக்கு எது காதில் ஏறும்? பையைக் கட்டியாகிவிட்டது, குழந்தை அழுகிறது, வாசலில் வண்டி நிற்கிறது. "ஆறு வாரம் கழிச்சு வாங்க, பேசிக்கலாம்" என்று அனுப்பிவிடுகிறோம். தாய்ப்பால் கொடுக்காதவருக்கு நான்கு வாரத்துக்குள்ளேயே கருமுட்டை வெளிவரக்கூடும். மாதவிலக்கு திரும்பும் முன்பே கரு தங்கிவிடலாம். அடுத்த கருவுக்கு முன் குறைந்தது 24 மாதமாவது இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இடைவெளி ரொம்பவும் குறைந்தால் குறைமாதப் பிரசவத்துக்கும், எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இதெல்லாம் இவர்களுக்குத் தெரியாததல்ல. பேச்சைக் கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே தொடங்க வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

ஜூன் 4, புதன்

இன்று கருப்பை மாடலில் பழகினோம். பிரசவமான கையோடு கருப்பைக்குள் காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனத்தை வைப்பதென்றால் நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள் வைப்பது நல்லது. தவறினால் 48 மணி நேரம் வரை வைக்கலாம். அதுவும் தாண்டினால் 4 வாரம் பொறுக்க வேண்டும். கருப்பை அப்போது பெரிதாக, தொப்புள் மட்டத்துக்கு இருக்கும். அதன் கீழ்ப்பகுதி துவண்டு மடிந்து கிடக்கும். காப்பர் டியை உள்ளே செலுத்தும் வழக்கமான குழாய் உச்சிவரை எட்டாது என்பதால்தான் நீளமான ஃபோர்செப்ஸ், அதாவது இடுக்கி.

ஓர் இளம் நர்ஸ் மூன்று முறை முயன்றும் பாதியிலேயே நின்றுவிட்டார். கையில் தடை தட்டியதும் அதுதான் உச்சி என்று நினைத்துவிட்டார். அது மடிப்பு. அவருடைய இடது கையை மாடலின் வயிற்றின் மேல் வைத்து, "கருப்பையை மேலே தள்ளுங்க. இப்ப வலது கையைத் தாழ்த்துங்க. நுனி தொப்புளைப் பார்த்துப் போகட்டும்" என்றேன். மடிப்பு நிமிர்ந்தது, ஃபோர்செப்ஸ் தானாக ஏறியது. சட்டென்று முகம் மலர்ந்து, "மேடம், இந்தக் கைக்குத் தட்டுப்படுது!" என்றார். வெளியே இருந்த இடது உள்ளங்கையைச் சொன்னார்.

அந்த உணர்வு ஒரு முறை கைக்கு வந்துவிட்டால் போதும். எடுக்கும்போது ஃபோர்செப்ஸைத் திறந்து, ஓரமாகச் சாய்த்து, திறந்தபடியே மெல்ல இழுக்க வேண்டும். மூடினால் காப்பர் டியும் கூடவே வந்துவிடும். மாலை வரை திரும்பத் திரும்பச் செய்தார்.

ஜூன் 5, வியாழன்

"பால் குடுக்கிற வரைக்கும் பயமில்லை" என்று நர்சுகளே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று விட்டாலும் வேறு வழி வேண்டும். பாலூட்டுகிறவருக்கு ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையை முதல் ஆறு மாதம் பொதுவாகத் தவிர்க்கிறோம்; புரோஜெஸ்டோஜென் ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை கொடுக்கலாம்.

ஜூன் 6, வெள்ளி

சம்மதம் பற்றிய வகுப்பு. பல வருஷமாக மனதில் கிடந்ததைச் சொன்னேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், ரத்தப்போக்கும் வயிற்றுவலியும் என்று ஒரு பெண் வந்தார். ஸ்கேனில் காப்பர் டி தெரிந்தது. அவருக்கு அது இருப்பதே தெரியாது. பிரசவ வலியின் உச்சத்தில் யாரோ ஏதோ சொல்ல, இவர் தலையாட்டியிருக்கிறார். "என்கிட்ட முன்னாடியே கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன், சிஸ்டர். யாரும் கேக்கலையே" என்றார். எடுத்துவிடச் சொன்னார், எடுத்தோம். வேறு எந்த முறையையும் பற்றிப் பேச அவர் இடம் கொடுக்கவில்லை.

வலி வேகமெடுத்த பிறகு வாங்குவது சம்மதமே அல்ல. வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பயிற்சி முடிந்து வார்டைப் பார்க்கப் போனேன். கற்றது தங்குவதும் போவதும் இங்கேதான்.

ஏழாம் மாதத்திலேயே முடிவெடுத்து, கார்டில் எழுதிவைத்திருந்த ஒரு தாய். நஞ்சு விழுந்தது. ஃபோர்செப்ஸ் எங்கே? பீரோவில், பூட்டி. சாவி இன்னொரு ஷிஃப்ட் சிஸ்டரிடம். அது வருவதற்குள் 10 நிமிடம் போய்விட்டது. மறுநாள் காலையில் வைக்க அவர் ஒப்புக்கொண்டதால் ஆயிற்று. எவ்வளவு பயிற்சி கொடுத்தும் ஒரு சாவி கெடுத்துவிடுகிறது என்று மனம் கனத்தது. நான் கிளம்பும் முன்பே ஃபோர்செப்ஸும் காப்பர் டியும் கொண்ட தனி டிரே பிரசவ அறைக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு ஷிஃப்ட்டும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றும் முடிவானது.

ஆகஸ்ட் 6, புதன்

ஆறு வாரப் பரிசோதனை. சாவிக்காகக் காத்திருந்த அந்தத் தாய்க்கு எல்லாம் சரியாக இருக்கிறது. இன்னொருவருக்குக் காப்பர் டி தானாக வெளியே வந்துவிட்டிருந்தது. வைத்தவர் அந்த இளம் நர்ஸ்தான். கண் கலங்கி நின்றார். பிரசவத்தை ஒட்டி வைக்கும்போது நழுவுவது பின்னால் வைப்பதைவிட அதிகம்தான், நன்றாக வைத்தாலும் நடக்கும் என்று சொன்னேன். அந்தப் பெண் எல்லா முறைகளையும் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டு, இந்த முறை கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியான இம்பிளான்ட் போதும் என்றார்.

மதியம் அதே நர்ஸ் கர்ப்பிணிகள் பிரிவில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஐந்து மாதக் கர்ப்பிணி. எல்லாவற்றையும் காட்டி, கேட்டு முடித்து, பதிலுக்குக் காத்திருந்தார். "வீட்ல யோசிச்சுட்டு அடுத்த மாசம் சொல்றேன், சிஸ்டர்."

"சரிம்மா, நிதானமா யோசிங்க" என்று சொல்லிவிட்டுக் கார்டில் எழுதினார்: யோசிக்கிறார்.