ஒலிவமலைச் சரிவில் ஒரு கோழி

எருசலேமுக்கு எதிரே இருக்கிற ஒலிவமலை உச்சியில் பஸ் இறக்கிவிட்டால் அடிவாரத்துக் கெத்செமனே தோட்டம் வரைக்கும் நடைதான். இரண்டு பக்கமும் சுவர், நடுவே செங்குத்தான இறக்கம். இயேசு குருத்தோலைப் பவனி வந்த வழி என்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்கள் நாங்கள் சுவரைப் பிடித்தபடி இறங்கினோம். இடப்பக்கம் யூதக் கல்லறைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. பாதி தூரத்தில் வலப்பக்கம் ஒரு கேட். உள்ளே இருப்பது டோமினுஸ் ஃப்ளேவித் ஆலயம். லத்தீனில் ‘ஆண்டவர் அழுதார்’ என்று பொருள்.

லூக்கா சுவிசேஷம் 19-இல் வருகிற அழுகை இது. கூட வந்த ஜனங்கள் ஆர்ப்பரிக்க, கழுதைக்குட்டியின்மேல் இருந்த இயேசு எருசலேம் ஊரைப் பார்த்ததும், அது அழியப்போகிறதே என்று அழுகிறார். கி.பி. 70-இல் ரோமப் படை அந்த ஊரையும் அங்கிருந்த யூதர்களின் தேவாலயத்தையும் இடித்துத் தள்ளியது.

கடவுளுக்கு ஏது அழுகை என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு. ஆனால் ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்திலேயே ‘அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது’ என்று வந்துவிடுகிறது. (விசனம் என்ற சொல் வேதப்புத்தகத்தோடு சரி, வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.)

ஆலயம் சின்னதுதான். அந்தோனியோ பர்லுச்சி என்ற இத்தாலியர் கண்ணீர்த்துளி வடிவில் வரைந்து, 1955-இல் கட்டி முடித்தார்கள். பீடத்துக்குப் பின்னால் மேற்கே பார்த்த வளைவு ஜன்னல். அதன் வழியே கீதரோன் பள்ளத்தாக்கு, நகரத்து மதில், பொன்நிறக் குவிமாடம். எல்லோரும் அந்த ஜன்னலைத்தான் போட்டோ எடுத்தார்கள்.

எங்கள் குழுவில் வந்த ஆச்சி மட்டும் பீடத்தின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, “ஏட்டி, இது கோழியில்லா?” என்றார்.

கோழியேதான். வட்டத்துக்குள் மொசைக் கற்களால் பதித்த தாய்க்கோழி. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், சிவந்த கொண்டை, விரித்த சிறகு, அடியில் மஞ்சள் குஞ்சுகள். கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்ப்பதுபோல உன் பிள்ளைகளைச் சேர்க்க எத்தனை தரமோ மனதாயிருந்தேன் என்று மத்தேயு 23-இல் இயேசு சொன்னதன் படம்.

கடவுளிடம் அடைக்கலம் போவதற்குப் பெருமாள் பக்தர்கள் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி என்று இரண்டு வழி சொல்வார்கள். பூனை குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும். குரங்குக்குட்டியோ தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோழி இரண்டிலும் சேராது. அதற்குக் கவ்வத் தெரியாது. குஞ்சு தொற்றிக்கொள்ளவும் வேண்டாம். வானத்தில் பருந்து நிழல் தெரிந்தால் கோழி குரல் கொடுக்கும், சிறகை விரிக்கும். ஓடி வருவது குஞ்சின் பாடு. வராத குஞ்சுக்கு அதனால் செய்ய முடிந்தது, இன்னும் கத்துவதுதான். ஒலிவமலை அழுகை எனக்கு அந்த இடத்தில்தான் பிடிபட்டது.

வசனத்தின் கடைசிச் சொற்களை மட்டும் வட்டத்துக்கு வெளியே, குஞ்சுகளின் காலுக்குக் கீழே, சிவப்பில் பதித்திருக்கிறார்கள்.

ஆச்சி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “ஏழுதான் நிக்கி. அடைக்குப் பதினொண்ணாவது வச்சிருப்பாவ. மிச்சம் எங்கட்டி?”

சிவப்பு எழுத்தைக் காட்டினேன். “உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்றுன்னு போட்டிருக்கு ஆச்சி.”

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. கீழேயிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். அவர் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ஊரைப் பார்த்தபடியே நின்றார்.