எந்த எஞ்சினுக்கும் இல்லாத சத்தம்

விமான எஞ்சின் விசிறியின் சத்தத்தை சிமுலேஷனில் கணிப்பது எங்கள் வேலை. ரிவ்யூவில் எங்கள் குழுத் தலைவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்த ஆர்டர் டோன் பெருசா வரும்?" (விசிறி விநாடிக்குச் சுற்றும் எண்ணிக்கையின் எத்தனையாவது மடங்கில் ஒலி வருகிறது என்பதுதான் ஆர்டர்.)

"ஒரே எண்ணா சொல்ல முடியாது சார். இதிலிருந்து இதுவரைக்கும்னு ஒரு பட்டைதான் தர முடியும்" என்றேன்.

"பயணி சராசரியைக் கேக்க மாட்டார்ப்பா. அவர் உக்காந்திருக்கிற ஃப்ளைட்டோட எஞ்சினைத்தான் கேப்பார்."

அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

நான் எண் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதை விளக்க, நாங்கள் பார்த்த எஞ்சினுக்குப் பதிலாக, பலருக்கும் தெரிந்த சிஎஃப்எம்56-7பி விமான எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். அதன் முன்விசிறியில் 24 பிளேடு, விட்டம் சுமார் 1.55 மீட்டர், 100 சதவீத வேகத்தில் நிமிடத்துக்கு 5175 சுற்று. பிளேடு நுனி விநாடிக்கு 420 மீட்டர் ஓடுகிறது, ஒலியைவிட வேகமாக. அதனால் ஒவ்வொரு பிளேடுக்கு முன்னாலும் ஓர் அதிர்ச்சி அலை. எல்லா பிளேடும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால், பிளேடுகள் கடந்துபோகும் அதிர்வெண்ணான 2070 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் மட்டுமே வரும். அப்படி ஒரு விசிறி கிடையாது. ஸ்டாகர் கோணம், அதாவது பிளேடு பொருத்தப்பட்ட சாய்வு, பாகையில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே அலையின் வலிமை மாறிவிடும். வலுத்த அலை வேகமாகப் போய் முன்னால் போகிற மெலிந்த அலையைப் பிடித்து விழுங்கும். காற்று நுழையும் இன்லெட்டைத் தாண்டுவதற்குள் ஆற்றல், விசிறி சுற்றும் அதிர்வெண்ணான 86 ஹெர்ட்ஸின் மடங்குகளுக்கெல்லாம் சிதறிவிடும். டேக்-ஆஃபில் முன்வரிசைக்காரர்கள் கேட்கும் ரம்ப அறுப்புச் சத்தம் இதுதான்.

இதை சிமுலேஷனில் பிடிப்பது லேசான வேலை இல்லை. ஒரு பிளேடை மட்டும் ஓட்டினால் போதாது, முழு வட்டமும் வேண்டும். கணக்கிடப் போடும் கட்டவலையான மெஷ் நெருக்கமாக இல்லாவிட்டால் அலை தானாகவே மழுங்கும்; இயற்பியலால் தேய்ந்ததா, மெஷ்ஷால் தேய்ந்ததா என்று பிரிக்க முடியாது. எல்லாம் சரியாக வந்தாலும் கோணங்கள்? மேசையில் அளந்த கோணம் ஓடும்போது இருக்காது, பிளேடு முறுக்கு தளரும். இரண்டு பிளேடை இடம் மாற்றிப் போட்டாலே ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்பது, வேறு.

தலைவருக்கு எண் தேவைப்பட்டதும் நியாயம்தான். சத்தத்தை உறிஞ்சும் உள்ளுறையான லைனரின் ஆழத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆழம் அலைநீளத்தில் கால் பங்கு என்ற கணக்கில் 2070 ஹெர்ட்ஸுக்கு 4 சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆறாவது ஆர்டர் என்றால் 16 சென்டிமீட்டர்; எஞ்சினின் வெளிக்கூடான நசெல்லில் அவ்வளவு இடம் எங்கே? இப்படிப்பட்ட முடிவுக்கு, பிளேடு வரிசை மாறினால் மாறிவிடும் ஓர் எண்ணை எப்படிக் கொடுப்பது?

ஆனால் நான் கொடுத்த பட்டை, பல பிளேடு வரிசைகளைச் சேர்த்துப் பார்த்த வழவழப்பான ஒரு சராசரிதான். அப்படி ஒலிக்கிற எஞ்சின் உலகத்தில் எங்கும் இல்லை. அதை யோசிக்கும்போது அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. கடைசியில் நான் தராத எண்ணை, பட்டையின் நடுவில் கோடு போட்டு அவரே எடுத்துக்கொண்டார். எச்சரிக்கையாக இருந்ததால் யாருக்கு என்ன லாபம்? அந்தக் கோட்டை நான் போட்டிருந்தால், எந்தப் பக்கம் சாய்ந்தால் ஆபத்து குறைவு என்றாவது பார்த்துப் போட்டிருப்பேன். ஆனால் அப்போது, எனக்கே நம்பிக்கை இல்லாத எண்ணில் என் பெயர் இருந்திருக்கும். அதையும் ஏற்க முடியவில்லை.

அடுத்த ப்ராஜெக்டிலும் பட்டையைத்தான் கொடுத்தேன். கூடவே, மோசமாக வந்த மூன்று பிளேடு வரிசைகளின் ஸ்பெக்ட்ரத்தையும் தனித்தனியாக வைத்தேன். அவர் ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இதான் நம்ம எஞ்சினா?" என்றார்.

"இதுவா இருக்கலாம் சார்" என்றேன்.