இரண்டடுக்கு முடிக்காரன்: நார்வே காட்டுப்பூனை

பெயரில்தான் காடு. ‘ஸ்கூக்கட்’ என்று நார்வேக்காரர்கள் அழைக்கும் இந்தப் பூனை காட்டு விலங்கு அல்ல. பண்ணைகளில் எலி பிடித்து வளர்ந்த வீட்டுப் பூனைதான். நாட்டுப் பூனைகளோடு கலந்து இனமே கரைந்துவிடும் என்ற பயத்தில் 1975-இல் அங்கே தனிச் சங்கம் அமைத்தார்கள். 1977-இல் பூனைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிஃபே இதைத் தனி இனமாக அங்கீகரித்தது.

முதலில் முடியைப் பற்றி. பாரசீகப் பூனையை மனதில் வைத்து ‘தினமும் சீவ வேண்டுமே’ என்று தயங்குகிறவர்கள் அதிகம். இதன் முடி வேறு ரகம். மேலே நீண்ட, எண்ணெய்ப் பசையுள்ள முடி. மழையும் பனியும் அதில் வழிந்து போய்விடும். அடியில் பஞ்சு மாதிரி அடர்ந்த குட்டை முடி, குளிரைத் தடுக்க. சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை, அதிகம் போனால் இருமுறை சீவினால் போதும்.

வசந்தம் வந்தால் அப்படி விட முடியாது. அடிமுடி கொத்துக் கொத்தாகக் கழலும். அந்தச் சில வாரங்களும் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பலர் தவறுவது இங்கேதான்: மென்மையான பிரஷ்ஷை முதுகில் ஓட்டிவிட்டு, பளபளப்பைப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். பிரஷ் மேல்முடியோடு நின்றுவிடும். கழன்ற பஞ்சு உள்ளே நின்று கம்பளி மாதிரி இறுகும். அகலப் பல் உலோகச் சீப்பு வேண்டும். முடியை வகிடெடுத்துத் தோல் தெரியும் இடத்திலிருந்து வெளிநோக்கிச் சீவுங்கள். பிறகு நெருங்கிய பல் சீப்பால் ஒருமுறை. அக்குள், காதுக்குப் பின்புறம், வயிறு, பின்தொடை ஆகிய நான்கு இடங்களிலும்தான் சிக்கு விழும். முதுகைவிட இவற்றுக்கே நேரம் கொடுங்கள்.

சடை விழுந்துவிட்டால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது. சடையை இழுத்தால் தோலும் கூடாரம் மாதிரி எழும்பி வரும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். கொஞ்சம் சோளமாவு தூவி, சடையின் அடியை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரியுங்கள். தோலோடு ஒட்டி இறுகிப்போனதை மருத்துவரிடம் கொண்டுபோய் மழித்துவிடுவதே நல்லது. குளிப்பாட்டத் தேவையில்லை. அந்த எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட்டு என்ன சாதிக்கப் போகிறோம்? கோடையில் முடி மெலிந்து, வாலும் காது மயிரும் தவிர கிட்டத்தட்ட குட்டைமுடிப் பூனை போலத் தெரியும். அது நோயல்ல.

வளர்ச்சி மெதுவானது. முழு உடற்கட்டு வர நான்கைந்து வருடம்கூட ஆகும். கடுவன் 5 முதல் 7 கிலோ வரை, சில அதற்கும் மேல். பெட்டை அதைவிடச் சிறியது. இரண்டு வயதில் ஒல்லியாக இருக்கிறதே என்று தட்டை நிரப்பிக்கொண்டே போனால் சதை போடும், எலும்பு பெருக்காது. அடர்ந்த முடி கொழுப்பையும் மறைத்துவிடும் என்பதால் கண்ணை நம்பக் கூடாது. விலாவில் கை வைத்தால் எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். கருத்தடை செய்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் 5 கிலோ பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 250 கிலோகலோரி என்று தொடங்கி, மாதம் ஒருமுறை எடை பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

பின்னங்கால் முன்னங்காலைவிட நீளம், நகம் வலுவானது. மரத்திலிருந்து தலைகீழாக இறங்கவும் இதற்குத் தெரியும். கடைகளில் கிடைக்கும் ஒல்லியான கீறுகம்பம் இதன் எடைக்குச் சாய்ந்துவிடும். ஒருமுறை மேலே விழுந்தால் பூனை அந்தப் பக்கமே போகாது, சோபாவைத்தான் கீறும். ஒரு மீட்டருக்குக் குறையாத, அடிப்பலகை கனமான கம்பம் வாங்கிச் சுவரோடு திருகி வையுங்கள். மலஜலம் கழிக்கும் மண்தொட்டியும் பெரிதாக இருக்கட்டும், பூனையின் உடல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு. விரலிடுக்கு மயிரில் மண் ஒட்டி வீடெங்கும் பரவும், தொட்டியின் வாசலில் ஒரு மிதியடி போட்டுவிடுங்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த இனத்தில் கிளைக்கோஜன் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) சேமிப்பு நோயின் நான்காம் வகை பரம்பரையாக வருகிறது. தாய், தந்தை இரண்டும் வெளியே தெரியாமல் அதைச் சுமந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெரும்பாலானவை பிறக்கும்போதோ பிறந்த கொஞ்ச நேரத்திலோ இறந்துவிடும். தப்பியவை சில மாதம் நன்றாக ஓடியாடிவிட்டு, ஐந்து மாத வாக்கில் தசை தளரத் தொடங்கி, பிறகு சாகும். இதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது. பெற்றோர் இருவரின் முடிவையும் தாளில் கேளுங்கள், வாய்ச்சொல் போதாது. இதயத் தசை தடிக்கும் நோயும் இவற்றுக்கு வருவதுண்டு. ஆனால் அது ஒரே சோதனையில் முடிகிற விஷயமல்ல. இனப்பெருக்கத்துக்கு விடும் பூனைகளுக்கு இதய ஸ்கேனை அவ்வப்போது திரும்ப எடுக்க வேண்டும். கடைசி ஸ்கேன் எப்போது எடுத்தது என்று தேதியோடு கேளுங்கள். 12 வாரத்துக்கு முன்பே குட்டியைக் கொடுக்கத் துடிப்பவரிடம் இந்தத் தாள்கள் எதையும் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்; அங்கே வாங்காதீர்கள்.