சின்ன கேலரிங்க செய்யற பெரிய வேலை

சின்ன ஆர்ட் கேலரின்னா மியூசியத்துக்கு முந்தின ஒரு படி, அவ்ளோதான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, எனக்கு அதை ஒத்துக்கவே முடியல. பேர் தெரியாத ஆர்ட்டிஸ்ட்டை நம்பி மொத சோலோ ஷோ வைக்கிற தைரியம் பெரும்பாலும் இவங்களுக்குத்தான் இருக்கு.

பாரிஸ்ல இரிஸ் கிளேர்னு ஒரு அம்மா நடத்தின கேலரியையே எடுத்துக்குங்க. ரொம்ப சின்ன இடம். 1958ல ஈவ் க்ளைன்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் அங்க இருந்த சாமானை கிட்டத்தட்ட மொத்தமா வெளிய எடுத்துட்டு, சுவர் பூரா வெள்ளையடிச்சு, அந்தக் காலி ரூமையே கண்காட்சியா வச்சாரு, திறப்பு அன்னைக்கு வாசல்ல செம கூட்டம். அப்புறம் 1960ல அதே ரூம்ல அர்மான்னு இன்னொரு ஆர்ட்டிஸ்ட் வந்து குப்பையும் பழைய சாமானுமா அடைச்சு நிரப்பிட்டாரு, உள்ள காலே வைக்க முடியாது, ஜன்னல் வழியாதான் பாக்கணும். ஒருத்தர் காலி பண்ணதுக்கு இன்னொருத்தர் அதே நாலு சுவருக்குள்ள பதில் சொல்றாரு பாருங்க, அது எவ்ளோ அழகு! ஒரு பெரிய நிறுவனத்துல இதுக்கு கமிட்டி அனுமதி வாங்கவே வருஷக்கணக்கா ஆயிருக்கும்.

காசு விஷயம்னா, வித்த விலையில பாதி கேலரிக்கு, பாதி ஆர்ட்டிஸ்ட்டுக்குங்கிறது பரவலான வழக்கம். பாதி அதிகம்னு தோணலாம், ஆனா வாடகை, லைட்டு, இன்சூரன்ஸ் எல்லாம் அதுலேர்ந்துதான் போகணும், ஒண்ணுமே விக்காத ஷோவும் உண்டு.

அடுத்த தடவை கேலரிக்குப் போனா சுவர்ல மாட்டினதை மட்டும் பாத்துட்டு திரும்பிடாதீங்க, உள்ள எடுத்து வச்சிருக்கிற மத்த வொர்க்கையும் காட்டுவீங்களான்னு கேளுங்க, சந்தோஷமா காட்டுவாங்க.