கே-219 மாதிரி: ஆறாவது குழாயில் நின்ற வேலை

கே-219 ஒரு சோவியத் அணுசக்தி ஏவுகணை நீர்மூழ்கிப் படகு. 1:350 அளவு பிளாஸ்டிக் கிட்; முடிந்தால் சுமார் 37 செ.மீ. நீளம். எடுத்துக்கொண்ட தோற்றம்: 1986 அக்டோபர் 3, பெர்முடாவுக்கு வடகிழக்கே அட்லாண்டிக்கில் வெடிப்புக்குப் பின் மேலே வந்து மிதக்கும் படகு.

கிட்டில் 16 ஏவுகணைக் குழாய் மூடிகளும் ஒரே அச்சு. கே-219க்கு அது பொருந்தாது. 1971 டிசம்பரில் படையில் சேர்ந்த இதில் 1973லேயே 15ஆம் குழாயில் வெடிப்பு நடந்து, அதை வெல்ட் வைத்து மூடிவிட்டார்கள். கடைசிப் பயணத்தில் இருந்தவை 15 ஏவுகணைகள்தான். குழாய் எண்கள் வலப்பக்கம் ஒற்றைப்படை, இடப்பக்கம் இரட்டைப்படை, எண்ணுவது முன்னிருந்து. அதனால் வலது வரிசையின் கடைசி மூடியை (15) மட்டும் சுற்றுப் பள்ளக்கோடு ஆழப்படுத்தாமல் விட்டாயிற்று.

இடது வரிசையில் மூன்றாவதுதான் 1986இல் வெடித்த 6ஆம் குழாய். கடல்நீர் கசிந்து, ஆர்-27யு ஏவுகணை நசுங்கி, எரிபொருளும் அதை எரியவைக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் கலந்து வெடித்தன. மூடியே பிய்ந்து போயிற்று. விசை உள்ளிருந்து வெளியே, எனவே கிழிந்த ஓரங்கள் மேல்நோக்கி வளைய வேண்டும்.

முதல் முயற்சி வீண். பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வளைத்ததில் ஓரம் உருகி மெழுகுபோல உருண்டது. மேலும் 1 மி.மீ. தடிப்பு இந்த அளவில் 35 செ.மீ. தகட்டுக்குச் சமம்! மாற்று வழி: 1 மி.மீ. துரப்பணத்தால் சுற்றிலும் துளையிட்டு அந்தப் பகுதியையே வெட்டியெடுத்து, குளிர்பான டின் தகட்டை (0.1 மி.மீ.) உப்புத்தாளில் தேய்த்து, மெழுகுவர்த்தியில் ஒருமுறை காட்டி மென்மையாக்கி, ஊசியால் உள்ளிருந்து குத்திக் கிழித்து, சூப்பர் க்ளூவில் ஒட்டுவது. காட்டாமல் குத்தினால் தகடு வெடுக்கென்று நேர்க்கோட்டில் உடையும்.

முதுகில் பாகங்கள் சேரும் தையல்கோடு மூன்று முறை புட்டி கேட்டது. ஒரே அடியாக அப்பினால் காய்ந்ததும் சுருங்கிப் பள்ளம் விழும். சாம்பல் பிரைமர் அடித்துப் பார்க்காமல் கருப்பில் இறங்க வேண்டாம். கருப்பிலும் பத்தில் ஒரு பங்கு சாம்பல் கலந்தால்தான் பொம்மைப் பளபளப்பு போகும். கோபுரத்தின் பக்கச் சிறகுகள் கைபட்டால் ஒடியும், கடைசியில் ஒட்டலாம்.

புகைக்குப் பஞ்சு வைப்பதைக் கைவிட்டாயிற்று. நைட்ரஜன் டெட்ராக்சைடிலிருந்து வரும் வாயு செம்பழுப்பு நிறம். பஞ்சுக்குச் சாயம் ஏற்றினாலும் பஞ்சாகவே தெரிகிறது. துளையைச் சுற்றி நீர்த்த பழுப்பு வண்ணம் இரண்டு பூச்சு போதும்.

இழுவைக் கயிறு வைக்கவில்லை. படகை இழுக்க முயன்ற கிராஸ்னோக்வார்டேய்ஸ்க் கப்பலின் கயிறு பின்னர் வந்தது. அது அறுந்து அக்டோபர் 6 அன்று படகு மூழ்கியது. 3ஆம் தேதிக் காட்சியில் அதற்கு இடமில்லை.