பழம் அதே பழம்தான்

மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் எங்கள் சிற்றூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். என் அப்பா பால் வெட்டிய ரப்பர் மரங்கள் போய், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் போய், பக்கத்து ஊரின் பெயரும் போய்விட்டது; 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்ட அந்த ஊரை நாங்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிறோம். முதலில் மனத்தில் விழுந்தது எளிதில் இடம் விடுவதில்லை.

அந்த வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் நான் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். எடைமேடைக் கிராணியாக, அதாவது எழுத்தராக, சேர்ந்து, பிறகு பழத்தரம் பார்ப்பவனாகி, கடைசி எட்டு ஆண்டுகள் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தேன். குலையையோ மனிதரையோ பார்த்து ஒரு முடிவைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த முடிவுகளில் எத்தனை என் முதல் பார்வையிலேயே எழுதப்பட்டுவிட்டன என்பது, யாரோ ஒருவருடைய லாரி பழுதடைந்ததால்தான் எனக்குத் தெரிய வந்தது.

தரம் பார்ப்பதற்கு எழுதப்பட்ட விதி உண்டு. குறைந்தது 10 பழங்கள் உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் குழி தெரியும் குலைதான் பழுத்த குலை. பத்துக்குக் குறைந்தால் செங்காய். ஒன்றுகூட உதிராமல் கறுத்து நின்றால் காய். நம் நாட்டு ஆலைகளில் 100 டன் குலையைப் பிழிந்தால் ஏறக்குறைய 20 டன் எண்ணெய் கிடைக்கும்; காய்க்குலை கலந்தால் அந்த அளவு குறையும் என்பதால், காய் எத்தனை என்று பார்த்து விற்பவரின் தொகையில் கழிப்பார்கள். மூன்று டன் ஏற்றிவரும் சிறிய லாரியிலேயே நூற்றைம்பது குலைகள் இருக்கும். எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்க நேரம் கிடையாது. கொஞ்சம் குலைகளை எடுத்து, குழிகளை எண்ணி, மீதியைக் கணக்கில் ஊகிக்க வேண்டும். எந்தக் குலையை எடுப்பது என்பதை மட்டும் எங்கள் ஆலையில் யாரும் வரையறுத்துச் சொல்லியிருக்கவில்லை. அது தரம் பார்ப்பவனின் கண்ணுக்கும் கைக்கும் விடப்பட்டிருந்தது.

ஆறு ஏக்கர் வைத்திருந்த ஒரு பெரியவர் எங்களுக்குப் பழம் போட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய நிலம். அவர் முதன்முதலாக வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: துருப்பிடித்த லாரி, பின்கதவைக் கட்டியிருந்த கயிறு, பொத்தான் இல்லாத சட்டை, குவியலின் மேலேயே கிடந்த மூன்று கருங்காய்கள். அன்று கழிவு அதிகமாகத்தான் எழுதினேன். அன்றைக்கு அது சரியான கணக்குதான். ஆனால் அதற்குப் பிறகு ஆறேழு மாதங்கள், அந்த லாரியின் சத்தம் வாசலில் கேட்கும்போதே, 'காயைக் கலந்து கொண்டுவரும் மனிதர்' என்ற எண்ணம் எனக்கு முன்னால் போய்த் தளத்தில் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை, ஊரில் பெயர்பெற்ற பழ ஏஜென்டின் லாரி ஒன்று வந்தது. சாயம் மங்காத பெரிய லாரி. ஓட்டுநர் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்லிவிட்டுப் பழத்தைக் கொட்டினார். நான் கைக்கு எட்டிய குலைகளைப் புரட்டி, குழிகளை எண்ணி, மிகக் குறைந்த கழிவு போட்டுக் கையெழுத்திட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பெரியவர் மோட்டார் சைக்கிளில் வந்து எடைச்சீட்டை வாங்கினார். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தார். "கிராணி, நம்ம லாரிக்கு கியர்பாக்ஸ் போயிருச்சு. அதான் அவங்க லாரியில ஏத்திவிட்டேன். பழம் அதே பழம்தாங்க, வண்டி மட்டும்தான் வேற" என்றார். குரலில் கோபம் இல்லை. சீட்டை மட்டும் என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பழைய படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவற்றில் பொய் ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று தேடினேன், இல்லை. நான் காய் என்று குறித்த ஒவ்வொரு குலையும் காய்தான். யார் வந்து எண்ணியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார்கள். இதுதான் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. தவறு எண்ணிக்கையில் இல்லை, எதை எடுத்து எண்ணினேன் என்பதில் இருந்தது. அவர் லாரியில் என் கை கறுத்த குலைகளைத் தேடிப் போயிருக்கிறது. ஏஜென்டின் லாரியில் அருகில் கிடந்ததை எடுத்திருக்கிறது. மழையில் நனைந்த குலை நல்ல பழமாக இருந்தாலும் கறுப்பாகத்தான் தெரியும். அவருடைய லாரியில் அதுவும் எனக்குச் சந்தேகமாகத் தெரிந்திருக்கிறது, மற்றவர்களுடையதில் மழையாகத் தெரிந்திருக்கிறது.

பாங்கி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்த என் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னாள். 1960இல் பீட்டர் வேசன் என்ற ஆய்வாளர் லண்டனில் சிலரிடம் 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிக்குப் பொருந்துகின்றன, வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் இரண்டிரண்டாகக் கூடும் இரட்டை எண்கள் என்பதுபோல் ஏதோ ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, 8, 10, 12 என்று தங்கள் எண்ணத்துக்குப் பொருந்துவதையே சொல்லிக்கொண்டு போனார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் 'பொருந்துகிறது' என்றார். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பது மட்டுமே. 1, 2, 3 என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் தங்கள் எண்ணம் உடைந்திருக்கும். நானும் அதே போலத்தான் ஆறேழு மாதங்களாகக் கறுத்த குலைகளை மட்டும் புரட்டி, ஒவ்வொரு முறையும் 'பொருந்துகிறது' என்ற பதிலை வாங்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்லி, பழைய கழிவைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். முடித்த கணக்கைத் திறக்க முடியாது என்றார். ஆனால் அன்றிலிருந்து, கொட்டப்படும் வரிசையில் ஒவ்வொரு பத்தாவது குலையை எடுப்பது, கறுப்போ சிவப்போ கண் அதில் தலையிடக் கூடாது என்ற முறையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பெரியவரிடமும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இனிமே எண்ணித்தான் எழுதுவீங்க, அது போதும்" என்று பின்கதவின் கயிற்றை அவிழ்க்கப் போனார். போதாது என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது பல மாதங்களின் வருமானம்.

குலை விஷயத்தில் ஒரு முறையைக் கண்டுபிடித்த நான், மனிதர் விஷயத்தில் அதே தவறை மேலும் சில ஆண்டுகள் செய்தேன் என்பதையும் இங்கே எழுத வேண்டும். ஆண்டு இறுதி மதிப்பீட்டில் உழைப்பு, திறமை, நம்பகம், ஒத்துழைப்பு என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். பளிச்சென்று உடுத்தி, மலாயில் தெளிவாகப் பேசும் டிராக்டர் ஓட்டுநர் ஒருவருக்கு நான் எல்லாக் கட்டங்களிலும் ஏறக்குறைய ஒரே உயர்ந்த மதிப்பெண் போட்டிருந்தேன், இயந்திரப் பராமரிப்பு உட்பட. அவர் டிராக்டரின் எண்ணெய் அளவை எப்போது கடைசியாகப் பார்த்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் வெளியிட்ட கட்டுரையில் இதையே காட்டியிருக்கிறார். இரண்டு பெரிய தொழில் நிறுவனங்களில், ஒரே ஊழியரின் அறிவு, உழைப்பு, தொழில்திறன், நம்பகம் ஆகியவற்றுக்கு மேலாளர்கள் தந்த மதிப்பீடுகள் இயல்பாக இருக்க முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போயின; இராணுவ அதிகாரிகள் தந்த மதிப்பீடுகளிலும் அப்படியே. ஒரு குணத்தில் கண்ட ஒளி எல்லாக் குணங்களின் மேலும் படிந்துவிடுகிறது என்பதால் இதை ஒளிவட்ட விளைவு என்கிறார்கள்.

ஒளி படிவதைப் போலவே நிழலும் படியும். ஆலையின் ஆய்வகத்துக்கு உதவியாளர் எடுத்தபோது, லயத்தில் வளர்ந்த ஒரு பெண் நேர்முகத்துக்கு வந்தார். கேள்விக்கு மெதுவாகப் பதில் சொன்னார், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. 'தன்னம்பிக்கை குறைவு' என்று எழுதினேன். கிராணியின் முன்னால் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்றுதான் எங்கள் தோட்டங்களில் இரண்டு தலைமுறைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நின்றிருக்கிறார். அதைப் பார்த்து வளர்ந்த நானே மேசையின் மறுபக்கம் உட்கார்ந்ததும் அதைக் குறையாகப் படித்தேன். தேர்வு செய்த இளைஞர் வேலைக்கு வராததால்தான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டோம்.

எண்ணெயின் அமிலத்தன்மையைப் பார்க்க, கரைத்த எண்ணெயில் நிறங்காட்டி சேர்த்து, காரக்கரைசலைத் துளித்துளியாக விடுவார்கள். ஒரு துளி விழுந்ததும் இளஞ்சிவப்பு தோன்றும், குலுக்கினால் மறைந்துவிடும். அவசரக்காரர்கள் அதிலேயே நிறுத்திவிட்டு அளவைக் குறித்துவிடுவார்கள். அந்தப் பெண் குடுவையைச் சுழற்றி, வெள்ளைத் தாளின் மேல் பிடித்து, நிறம் நிற்கிறதா என்று முப்பது நொடி பார்ப்பார். மறைந்தால் இன்னொரு துளி. ஆலையில் அவருடைய அளவீடுகள்தாம் மறுசோதனையில் மாறாமல் வந்தன.

அதன் பிறகுதான் மகள் சொன்ன இன்னொரு முறையை நேர்முகத்தில் கொண்டுவந்தேன். பின்னாளில், 2002இல், பொருளாதார நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 21 வயதில் இஸ்ரேல் இராணுவத்தில் ஆள் தேர்வுக்காக வகுத்தது அது. ஆறு குணங்களை முன்னதாகவே முடிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் நடந்த செய்திகளை மட்டும் கேட்டு, அடுத்ததற்குப் போகும் முன் மதிப்பெண் எழுதிவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட வீரராக இருப்பார் என்று மனம் சொல்வதையும் எழுதலாம். பழைய நேர்முகங்களில் பயன்படாமல் போன உள்ளுணர்வு, ஆறு மதிப்பெண்களுக்குப் பின்னால் வந்தபோது அவற்றுக்கு இணையாகப் பயன்பட்டது என்று அவர் கண்டார். எனக்கு இது மிக முக்கியமாகத் தோன்றியது. நம் மனத்தின் குரலை அடக்க வேண்டியதில்லை. கடைசியில் பேச வைத்தால் போதும்.

குலையும் மனிதரும் ஒன்றல்ல என்பதை இந்த வேலையில்தான் உணர்ந்தேன். குலைகளைப் பற்றிய என் கணிப்பு மொத்தமாகத் தவறினால், ஒரு லாரியில் தெரியாவிட்டாலும், ஆலையின் எண்ணெய்க் கணக்கு அதைச் சொல்லிவிடும். அப்படி நாள்தோறும் திருத்தப்பட்டுத்தான் பழைய தரம் பார்ப்பவர்களின் கண் கூர்மை அடைகிறது. வேண்டாம் என்று நான் அனுப்பிவிட்ட மனிதர் எப்படி வேலை செய்திருப்பார் என்பதைச் சொல்ல எந்தக் கணக்கும் இல்லை. எடுத்தவர்கள் நன்றாக இருந்தால் என் கணிப்பு சரி என்று நினைத்துக்கொள்வேன். அனுப்பப்பட்டவர்களுக்காக எந்த லாரியும் மாறி வராது.

ஓய்வு பெறும் முன் பழைய நேர்முகப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு பெயருக்கு எதிரே, 'பொறுப்பற்றவர்போல் தெரிகிறது' என்று என் கையெழுத்து இருந்தது. அந்த இளைஞர் இருபது நிமிடம் தாமதமாக வந்திருந்தார். பஸ் வரவில்லை என்றார். நான் பஸ்ஸைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. இப்போது அவர் எங்கள் ஊர் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் காய்கறிக் கடை போடுகிறார். வியாழக்கிழமைகளில் நான்கு மணிக்கு நான் அந்தப் பக்கம் நடந்து போகும்போது, மற்றவர்கள் கூடாரத்தின் கம்பிகளை நட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் தராசைத் துடைத்து வைத்துவிட்டு, கீரைக் கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தால், "வாங்க அங்கிள்" என்பார். அந்த நேர்முகம் அவருக்கு நினைவிருக்கிறதா என்று நான் இன்னும் கேட்கவில்லை.