ப்ளோன் ஏரிக்கரைப் பள்ளிக்கூடம்: நாட்குறிப்பிலிருந்து

8 மே 2025, வியாழன், கீல்

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்து இன்றோடு 80 வருடம். பெர்லினில் இந்த வருடத்துக்கு மட்டும் விடுமுறை விட்டிருக்கிறார்கள். இங்கே வடக்கே எங்களுக்கு வழக்கம்போல எட்டு மணிக்கு முதல் பீரியட்.

ஜூலையில் ப்ராஜெக்ட் வாரம் வருகிறது. தலைப்பு, '1945க்குப் பிறகு நம் பக்கம்'. இடிபாடு, அகதி முகாம், நீர்மூழ்கிக் கப்பல் என்று பிள்ளைகளுக்குப் பிடித்ததையெல்லாம் வரலாற்று ஆசிரியர்கள் முந்திக்கொண்டார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லித்தரும் என் பக்கம் கடைசியில் ஒதுங்கியது 'பிரிட்டிஷ் ராணுவம்'. டாங்கி, துப்பாக்கி எல்லாம் எனக்குச் சரிப்படாது. ஆனால் அந்தப் பட்டாளத்துக்காரர்கள் குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டவர்கள். குடும்பம் வந்தால் பள்ளிக்கூடம் வேண்டும். தோற்ற நாட்டில், ஜெயித்தவன் பிள்ளைக்கு யார் பாடம் எடுத்தார்கள், எதை எடுத்தார்கள்? இது நம் தொழில் சம்பந்தப்பட்டது. சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

11 மே, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. நாள் முழுக்கப் புத்தகங்களோடு.

1946 ஆகஸ்டில் முதல் பட்டாளத்துக் குடும்பங்கள் இங்கிலாந்தின் தில்பரி துறைமுகத்தில் கப்பலேறி ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபனில் வந்து இறங்கின. அவர்கள் இறங்கிய நாடு இருந்த நிலைமையைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் மார்ச்சில் பிரிட்டிஷ் மண்டலத்தில், அதாவது தோற்ற ஜெர்மனியில் பிரிட்டிஷார் ஆண்ட பகுதியில், சாதாரண ஜெர்மானியரின் ரேஷனை ஒரு நாளைக்குச் சுமார் 1000 கலோரிக்குக் குறைத்திருந்தார்கள். 1939ல் 16 லட்சம் பேர் இருந்த எங்கள் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் அப்போது 26 லட்சம் பேர். கூடுதலாக வந்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியின் கிழக்குப் பகுதிகளான கிழக்கு ப்ரஷ்யா, பொமரேனியா பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள். கூரை இருந்தால் போதும், அதற்குக் கீழே இரண்டு மூன்று குடும்பம். இந்த நெரிசலில் நல்ல வீடாகப் பார்த்து, இருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லித்தான் அதிகாரிகளின் குடும்பங்களைக் குடிவைத்தார்கள்.

பள்ளிகளை நடத்த 'பிரிட்டிஷ் குடும்பக் கல்விச் சேவை' என்று தனியாக ஒரு அமைப்பு. அதன் தலைவர் ஜான் ட்ரெவெல்யன், அதற்கு முன் இங்கிலாந்தின் வெஸ்ட்மார்லண்டில் கல்வி அதிகாரி. 1958 முதல் 1971 வரை பிரிட்டிஷ் சினிமா சென்ஸார் வாரியத்தின் செயலாளராக இருந்தவரும் இவரேதான். கல்வி அதிகாரி சென்ஸார் அதிகாரியானதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கணக்குப் பாடத்துக்கு ஒரு விஷயம் குறித்துவைத்தேன். அந்தக் குடும்பங்கள் கடைகண்ணியில் புழங்கியது ராணுவம் அச்சடித்த தனி நோட்டு. 3 பென்ஸுக்குக் கூடக் காகிதம்தான். ஜெர்மன் மார்க்கை யாரும் மதிக்கவில்லை; 1948 ஜூனில் புது மார்க் வரும்வரை வெளியே ஓடிய நாணயம் சிகரெட். ஆக ஒரே தெருவில் மூன்று விதப் பணம். எட்டு வயதுப் பையனுக்கு இதில் எதை வைத்துக் கூட்டல் கழித்தல் சொல்லித்தருவது?

பாடத்திட்டம் இங்கிலாந்தில் உள்ளதேதான். அப்பாவுக்கு எப்போது மாற்றல் வரும் என்று தெரியாது. வந்தால் பிள்ளை ஊருக்குப் போய், விட்ட பக்கத்திலிருந்து தொடர வேண்டும். எல்லாமே திரும்பிப் போவதற்கான ஏற்பாடு. இதே 1946 அக்டோபரில் அமெரிக்கர்களும் தங்கள் மண்டலத்தில் இப்படித்தான் பள்ளிகளைத் திறந்தார்கள்.

17 மே, சனி

ப்ளோன் போய்வந்தேன். கீலிலிருந்து ரயிலில் அரைமணி. நடைமேடையிலிருந்து பத்தடி எடுத்துவைத்தால் ஏரித் தண்ணீர். மேட்டின்மேல் வெள்ளை அரண்மனை.

சின்ன ஊர், ஆனால் அது பார்த்த பள்ளிக்கூடங்களைச் சொல்லி மாளாது. கைசர், அதாவது ஜெர்மன் சக்கரவர்த்தி, காலத்தில் இங்கே ராணுவ மாணவர் பள்ளி. கைசர் வில்ஹெல்மின் பிள்ளைகள் படித்தது இந்த ஊரில். 1933க்குப் பிறகு அரண்மனையில் நாஜிகள் தங்கள் வருங்காலத் தலைவர்களை வார்க்க ஒரு விடுதிப் பள்ளி நடத்தினார்கள். 1945 ஏப்ரல் 30 அன்று, தான்தான் ஹிட்லருக்கு அடுத்த வாரிசு என்ற தந்தி கடற்படைத் தலைவர் அட்மிரல் டோனிட்ஸுக்கு வந்து சேர்ந்ததும் இங்கேதான். இரண்டு நாளில் அவர் ஃப்ளென்ஸ்பர்குக்கு மூட்டை கட்டினார். மூன்று வருடம் கழித்து, 1948ல், அதே ஊரில் ஏரிக்கரைக் கடற்படைக் குடியிருப்பில் பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கான 'கிங் ஆல்ஃப்ரட் பள்ளி'. இப்போது அரண்மனையில் மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. அந்த இடத்துக்கு இதைவிட நல்ல கதி கிடைத்திருக்காது.

கடற்படைப் பயிற்சிப் பள்ளி ஒன்று ஊரில் இன்றும் உண்டு. வேலியோரமாகக் கொஞ்சம் நடந்தேன். படம் எடுக்கக் கூடாது என்று போர்டு. எடுக்கவில்லை. உள்ளே யாரோ விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

இந்தப் பள்ளிக்கும், ஒரு வருடம் முன்பு வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் பழைய கடற்படைக் கட்டடங்களில் திறந்த 'பிரின்ஸ் ரூபர்ட் பள்ளி'க்கும் ஒரு விசேஷம் உண்டு. இங்கிலாந்தில் அப்போது 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு பதினோரு வயதில் ஒரு தேர்வு வைத்து, கெட்டிக்காரன் ஒரு பள்ளிக்கு, மற்றவன் வேறு பள்ளிக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் அப்படிப் பிரிக்கப் பிள்ளைகள் போதவில்லை. முகாம்களோ மண்டலம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. அதனால் ஆண், பெண், படிப்பு வருகிறவன், வராதவன் எல்லாரையும் ஒரே விடுதியில் சேர்த்தார்கள். ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கர்னல் மகளும் சார்ஜண்ட் மகனும் ஒரே பெஞ்சில். அப்பாக்கள் இரண்டு பேரும் ஒரே மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது.

எங்கள் மாநிலம் இப்படி எல்லாரும் சேர்ந்து படிக்கும் பள்ளி வகையைச் சட்டத்தில் சேர்த்தது 2007ல். நான் வேலை பார்ப்பதும் அப்படி ஒரு பள்ளிதான். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லி வம்பிழுக்கலாம்.

18 மே, ஞாயிறு

ப்ளோனின் முதல் தலைமையாசிரியரைப் பற்றிப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஃப்ரெடி ஸ்பென்சர் சாப்மன். கிரீன்லாந்து பனியில் அலைந்தவர், 1937ல் இமயத்தில் சோமொல்ஹாரி சிகரம் ஏறியவர். போரில் ஜப்பானியர் மலேயாவைப் பிடித்தபோது அங்கே காட்டுக்குள் மாட்டிக்கொண்டு, மூன்று வருடத்துக்கு மேல் மலேரியாவோடும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடும் காலம் தள்ளி, 1945ல் பங்கோர் தீவிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் தப்பியவர். ப்ளோனில் பள்ளி திறந்த அதே 1948ல் மலேயாவில் அவசரகாலச் சட்டம் வந்தது. இவரோடு காட்டில் சோறு பங்கிட்டவர்களே பிரிட்டிஷாருக்கு எதிரிகள் ஆனார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போயிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. போருக்கு முன் அவர் ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியில் வாத்தியார். அதை நிறுவியவர் கர்ட் ஹான், ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்த ஜெர்மன் யூதர். படகு, மலை, குளிர்ந்த நீர், தன் வேலையைத் தானே செய்வது: இவைதான் ஹானின் கல்வி. ஜெர்மனி துரத்திவிட்ட ஒரு கல்விமுறை பத்துப் பதினைந்து வருடத்தில் ஜெர்மன் ஏரிக்கே வந்து சேர்ந்திருக்கிறது, ஆங்கிலப் பிள்ளைகளுக்காக.

மாமனாருக்கு ஈப்போவுக்குப் போன் போட்டேன். அவர் பிறந்த தோட்டம் சித்தியவான் பக்கம், பங்கோர் எதிர்க்கரை.

"ஜப்பான்காரன் காலத்துல உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்துச்சா மாமா?"

"ஏம்மா, இருந்த வாத்தியாரையே சயாம் ரயில் போடப் பிடிச்சிட்டுப் போயிட்டான். அவர் வரல. வெள்ளைக்காரன் திரும்பி வந்தப்புறமும் ரொம்ப நாள் ஒண்ணும் இல்ல. அப்புறம் கிராணி வீட்டுப் பின்னாடி ஒரு கொட்டகை போட்டாங்க."

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்; சயாம் ரயில், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, டாக்டர் கொடுத்த மாத்திரை பற்றிப் பேச்சு போய்விட்டது. போர் ஓய்ந்த ஊரில் யார் பிள்ளைக்கு முதலில் பள்ளி திறக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டால் போதும், மற்ற வரலாறெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

29 மே, வியாழன்

இயேசு விண்ணேற்ற நாள், விடுமுறை. இந்த நாட்டில் இதுவே அப்பாக்கள் தினமும். ஆண்கள் கைவண்டியில் பீர் ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். இதற்காக வகுப்பில் வாழ்த்து அட்டை செய்யச் சொல்லும் வழக்கத்தை நான் வைத்துக்கொள்வதில்லை. மிக்கோலாயிவ் ஊர்ப் பையன் ஒருவன் இருக்கிறான், 14 வயது. அப்பா உக்ரைன் ராணுவத்தில். பேச்சு வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

அவன் அம்மா நேற்று என்னைப் பார்க்க வந்திருந்தார். பையன் காலையில் எங்கள் பள்ளி, மதியம் இணையத்தில் உக்ரைன் பள்ளி என்று இரண்டையும் ஓட்டுகிறான். வாரத்தில் இரண்டு நாள் நான் வைக்கும் கூடுதல் ஜெர்மன் வகுப்பு அதோடு மோதுகிறது. "ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழ் அங்கேயும் வாங்கிவிடட்டும் டீச்சர். நாங்கள் திரும்பிப் போவோம்." நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: ஜெர்மன் வராவிட்டால் இங்கே மேற்படிப்பு கஷ்டம். அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

3 ஜூன், செவ்வாய்

வகுப்பில் பிரிட்டிஷ் பள்ளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். படகு என்றதும் எல்லாருக்கும் குஷி. சிரியாப் பெண் ஒருத்தி கேட்டாள்: "பக்கத்திலேயே ஜெர்மன் பள்ளி இருந்ததே, அவர்கள் ஏன் அங்கே போகவில்லை? நாங்கள் மட்டும் போக வேண்டுமாக்கும்?"

நான் பதில் யோசிப்பதற்குள் மிக்கோலாயிவ் பையன் சொன்னான்: "திரும்பிப் போகிறவன் எதற்குப் போக வேண்டும்?"

"நீயும் திரும்பிப் போகிறவன்தானே, பின்னே இங்கே என்ன பண்ணுகிறாய்?"

மணி அடிக்கும்வரை சண்டை, அதுவும் ஜெர்மனிலேயே. இலக்கணம் படுமோசம், வினைச்சொல் எல்லாம் தப்பான இடத்தில். ஒருவரையும் திருத்தவில்லை.

14 ஜூன், சனி

மாடிவீட்டு ஓமாவோடு காபி; ஓமா என்றால் பாட்டி. 87 வயது. பொமரேனியாவிலிருந்து அம்மா, தம்பியோடு வந்து ப்ளோன் பக்கம் ஒரு முகாமில் சில வருடம் இருந்தவர். இத்தனை வருடம் மேலும் கீழுமாகக் குடியிருக்கிறோம், இது எனக்குத் தெரியாது.

அவருடைய பள்ளியில் ஷிஃப்ட் முறை. ஒரு வாரம் காலையில், மறுவாரம் மதியம். குளிர்காலத்தில் ஆளுக்கொரு நிலக்கரிக் கட்டி கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. பைக்கட்டில் ஒரு காலி டின் தொங்கும், மேலே இரண்டு ஓட்டை போட்டுக் கம்பி கோத்தது. 1947லிருந்து பள்ளியில் கஞ்சி ஊற்றினார்களே, அதற்காக. பிஸ்கட்டைக் கரைத்துக் காய்ச்சிய சூப் கிடைக்கும் நாளில் யாரும் லீவு போட மாட்டார்கள். டின்னை எப்படி நக்குவது என்று விரலை வளைத்துக் காட்டினார். டின் விளிம்பு நாக்கை வெட்டாமல் இருக்க, முதலில் விரலால் சுற்றி வழித்து, பிறகு விரலை நக்க வேண்டும்.

அம்மா பிரிட்டிஷ் பள்ளிச் சமையலறையில் பாத்திரம் தேய்த்திருக்கிறார். அங்கே கொதிக்க வைத்துக் கொட்டிய தேயிலையைக் கொண்டுவந்து, அடுப்பருகே காயவைத்து மறுபடி போடுவார்களாம். "அப்போது எனக்குப் பத்து வயது. அந்தப் பிள்ளைகளைப் படகில் பார்ப்பேன். கரைக்கு வந்தால் அவர்கள் ஒரு வழி, நாங்கள் ஒரு வழி."

கோபமாக இருந்ததா என்று கேட்டேன். இங்கிலீஷ்காரர்கள்மேல் இல்லையாம். உள்ளூர் விவசாயிகள்மேல்தானாம். ஒரே பாஷை பேசிக்கொண்டு, கிழக்கிலிருந்து வந்த கும்பல் என்று கிணற்றடியில் தண்ணீர் எடுக்க விடாமல் விரட்டினார்களாம். அந்தப் பண்ணையின் பெயரைக்கூட இன்னும் மறக்கவில்லை.

25 ஜூன், புதன்

கீல் வாரம். ஊர் முழுக்கப் பாய்மரம், சாஸேஜ் வாசனை, நிறுத்த இடமில்லாத சைக்கிள்கள். ப்ராஜெக்ட்டில் சேர்க்க ஒரு வரி: ஜெர்மன் ராணுவத்தின் நல்ல பாய்மரப் படகுகளை 1945ல் பிரிட்டிஷார் கைப்பற்றி, இங்கேயே ஒரு கிளப் வைத்து ஓட்டினார்கள். 'விண்ட்ஃபால்' படகுகள் என்று பெயர், காற்றில் தானாக உதிர்ந்த பழமாம்.

10 ஜூலை, வியாழன்

ப்ராஜெக்ட் வாரம் கிட்டத்தட்ட முடிந்தது. பிள்ளைகள் இரண்டு காலஅட்டவணைகளை ஒட்டியிருக்கிறார்கள், 1948 ப்ளோனில் ஓமாவின் நாள் ஒரு பக்கம், விடுதிப் பிள்ளையின் நாள் மறுபக்கம். விடுதிப் பிள்ளையின் நாளில் தெரியாத மணிநேரங்களைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். அது என் நிபந்தனை. நடுவில் மிக்கோலாயிவ் பையன் வரைந்த ஏரி வரைபடம். வேலியை மட்டும் சிவப்பில் போட்டிருக்கிறான். சக ஆசிரியர் ஒருவர் வந்து, மேலே 'எதிரிகள் நண்பர்களான கதை' என்று தலைப்பு வைக்கலாமே என்றார். அந்தப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசியதற்கே எங்களிடம் அத்தாட்சி இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன். கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

சார்ஜண்ட் மகனையும் கர்னல் மகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த பள்ளி, வேலிக்கு வெளியே இருந்த பத்து வயதுக்காரியைப் பார்க்கவில்லை. அது அந்த வாத்தியார்களின் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போகிறவர்களுக்காகக் கட்டிய பள்ளி அது, அந்த வேலையைச் சரியாகச் செய்தது. என் வகுப்பு அதற்கு நேரெதிர்: இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு மட்டும் என்று யாரோ முடிவு செய்து கட்டியது. போகலாம் போகாமலும் இருக்கலாம் என்ற பிள்ளைக்கு இரண்டிலும் பெஞ்ச் இல்லை.

மிக்கோலாயிவ் பையனை மதியக் கூடுதல் வகுப்பிலிருந்து விடுவித்து, அதற்குப் பதில் காலையிலேயே என்னோடு அரைமணி உட்கார வைக்கிறேன் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உக்ரைன் ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை இப்படி. விதியில் இதற்கு இடமில்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். கோடை விடுமுறை முடிந்து செப்டம்பரில் பள்ளி திறந்ததும் மறுபடி கேட்பேன்.